மஞ்சள் அடித்த ராடு

வாரியத்துக்கு மஞ்சள் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பளு தூக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதற்கென்றே ஏற்பட்ட அந்த வாரியத்தின் வளாகத்தில், அசையாமல் நின்ற எதுவும் மஞ்சள் பெயிண்ட்டிடமிருந்து தப்பியதில்லை. சுற்றுச்சுவர் மஞ்சள், தண்ணீர்த்தொட்டி மஞ்சள், தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பாறாங்கல்லும் மஞ்சள். கேட்டில் படுத்திருந்த நாய் சரியான நேரத்தில் எழுந்து ஓடியதால் பிழைத்தது. தலைவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தால் போதும், டப்பாக்கள் திறந்துவிடும். இயந்திரம் ஓடுகிறதா என்று தலைவர் ஒருநாளும் கேட்டதில்லை. பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

போன முறை அவர் வந்தபோது பெரிய கிரேனின் பூமை, அதாவது அதன் நீண்ட கையை, முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி வைத்தார்கள். தலைவருக்கு சல்யூட் அடிப்பதுபோல இருக்குமாம். கை மேலே போனால் அதைத் தாங்கும் சிலிண்டருக்குள்ளிருந்து ராடு வெளியே வந்து நிற்கும். தொடை பருமன் இருக்கும் அந்த எஃகுத் தண்டில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். அது சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டிய பொருள் என்பதால் அப்படி மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். பெயிண்டர் ஏணியில் ஏறி அதன்மேல் பிரஷ்ஷை வைத்ததும் கிரேன்காரர் கீழேயிருந்து கத்தினார்.

"அண்ணே, ராடுல அடிக்காதீங்க! அது உள்ள போயிட்டு வர்ற சாமான்!"

யார்டு அதிகாரி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"எல்லாம் மஞ்சளா இருக்கும்போது அது மட்டும் வெள்ளையா பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கணுமா? நீங்க அடிங்க பெயிண்டர்."

அடித்தார். ஒரு கோட்டு காய்ந்ததும் இன்னொரு கோட்டும் அடித்தார். தலைவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், "அருமை" என்றார், போய்விட்டார். பூமைக் கீழே இறக்கினார்கள். ராடு தன் மஞ்சள் சட்டையோடு சிலிண்டருக்குள் போனது.

கொஞ்ச நாளில் சிலிண்டரின் வாயிலிருந்து ஆயில் கசிந்தது. கிரேன்காரர் போய்ச் சொன்னார். கசிந்த இடத்தைத் துடைத்துவிட்டு அதன்மேலும் பெயிண்ட் அடித்தார்கள். பிறகு, தூக்கிய சுமை தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. மறுபடி போய்ச் சொன்னார். "இறங்கினா ஏத்திக்கோ" என்றார் அதிகாரி. கடைசியில் ஒருநாள் காலையில் ஓர் இரும்பு உத்திரம் அந்தரத்தில் நிற்காமல் மளமளவென்று இறங்கியது. அடியில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த கொக்கியின் வலது கால் அதற்குக் கீழே இருந்தது.

கொக்கி என்பது அவன் பெயரல்ல. சுமைக்குக் கொக்கி மாட்டுகிற வேலை என்பதால் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள். கிரேன்காரருக்கு அவன் கூடப்பிறக்காத தம்பி. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். கிரேன்காரரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். காரணம்: கவனக்குறைவு. விசாரணையில் அது உறுதியானால் வேலை போகும், வழக்கு வரும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்தது.

சம்பவத்தின் பின்னணியை நன்கு அறிந்தவர் என்ற தகுதியின் பேரில் யார்டு அதிகாரியே விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

*

கிரேன்காரரின் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பவள். சிலிண்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்புக்கு வருகிற சிலிண்டர்தான். புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத லீவரைக் கையால் இழுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவள் மெஷினை நிறுத்தினாள்.

"சிலிண்டரைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்டி," என்றார் அவர். "உள்ள சீல் கிழிஞ்சிருக்கும். ரப்பர் வளையம் மாதிரி இருக்கும். அதுதான் ஆயிலப் புடிச்சு நிறுத்தறது. அது ஏன் கிழிஞ்சுதுன்னு கண்ணு இருக்கறவன் பார்த்தாலே போதும்."

"அப்ப கழட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கழட்டும்போது நான் அங்க இருக்கணுமாம், அது விதி. வேலையிலேருந்து நிறுத்தினவன் யார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதாம், அதுவும் விதி."

வாரியம் இதற்கும் வழி வைத்திருந்தது. அவருக்குப் பதிலாக நெருங்கிய உறவினர் வரலாம். தையல்காரி மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கேட்டில் காவலாளி கேட்டான். "யாருங்க இவங்க?"

"குற்றவாளியோட சம்சாரம்," என்றார் கூட வந்த வாரியத்துக் குமாஸ்தா.

பக்கத்தில் நின்ற விசாரணை அதிகாரி முகம் சுளித்தார். "யோவ், விசாரணையே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள குற்றவாளின்னா எப்படி? முடிஞ்சதும் சொல்லு."

முதலில் பாதுகாப்பு உறுதிமொழி. அதிகாரிகள் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. சிலிண்டரைக் கழற்ற வந்திருந்த மெக்கானிக்குக்கும் அவர் ஆட்களுக்கும் தையல்காரிக்கும் ஹெல்மெட் கிடையாது. அவை விருந்தினர்களுக்காக வாங்கியவை, அழுக்காகிவிடும். சுமைக்கு அடியில் நிற்கக் கூடாது என்று அதிகாரி நெடுநேரம் பேசினார். வெயில் அடித்ததால் எல்லாரையும் கிரேன் கொக்கியின் நிழலுக்கு வந்து நின்று கேட்கச் சொன்னார்.

"கொக்கித் தம்பி பாத்திருக்கானேங்க," என்றாள் தையல்காரி. "தானா இறங்குச்சு, அண்ணன் லீவரையே தொடலன்னு ஆஸ்பத்திரியில சொல்லிக்கிட்டே இருக்கான். அவனைக் கேட்டீங்களா?"

"அவரு சுமைக்கு அடியில இருந்தவரும்மா."

"ஆமாங்க. அதனாலதானே கால் போச்சு."

"சுமைக்கு அடியில யாரும் இருக்கக் கூடாது, அது விதி. விதிப்படி அங்க யாரும் இல்ல. இல்லாத ஆள் எப்படிம்மா சாட்சி சொல்ல முடியும்?"

தையல்காரிக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெயில் காரணமில்லை.

மெக்கானிக் வேலையை ஆரம்பித்தார். பூமைத் தாங்கியின் மேல் இறக்கி, நழுவாமல் அடியில் கட்டைகளை அடுக்கினார். இன்ஜினை அணைத்துவிட்டு லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தத்தை வெளியேற்றினார். ஆயில் போகும் ஹோஸ்களைக் கழற்றி, மண் போகாமல் வாய்களை மூடிக் கட்டினார். மூன்று கால் ஸ்டாண்டு போட்டு, செயின் பிளாக்கில், அதாவது சங்கிலிக் கப்பியில், சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, இரு முனையிலும் இருந்த பின்களைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளினார். சங்கிலி கடகடக்க, யானைக்குட்டி கணக்கில் இருந்த அந்தச் சிலிண்டர் அலுங்காமல் குலுங்காமல் வந்து பெஞ்சின் மேல் படுத்தது. அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் இருந்த அதிகாரி அப்போதுதான் திறந்தார்.

"எதை வச்சுய்யா தூக்கினீங்க?"

"செயின் பிளாக்குங்க."

"நம்ம ஸ்டோர்ல செயின் பிளாக் இருக்கா?"

"இல்லீங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி நானே வாங்கினது."

"அப்ப விதிப்படி தூக்கல. இவ்வளவு எடை இருந்தா வாரியத்தோட பெரிய கிரேன்தான் தூக்கணும்."

"சார், அந்தப் பெரிய கிரேன்லேருந்துதான் இதக் கழட்டியிருக்கோம்."

"எனக்குத் தெரியாதா? அதாலயே தூக்கியிருக்கணும்."

"இதக் கழட்டிட்டா அது எதையும் தூக்காதுங்க."

"கழட்டறதுக்கு முன்னாடி தூக்கியிருக்கணும்," என்றார் அதிகாரி. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இல்லாவிட்டால் வேறு எங்காவது வைத்திருப்பார்.

ஆக, சிலிண்டர் கழற்றப்படவில்லை. கண்ணெதிரே பெஞ்சில் கிடந்தது, ஆனால் கழற்றப்படவில்லை. கழற்றப்படாத சிலிண்டரைப் பிரிக்க விதி இடம் தரவில்லை. தையல்காரி வாராவாரம் வந்து கேட்டாள். வாராவாரம் அதே பதில்: "முதல்ல கழட்டணும்மா." அவள் பெஞ்சைக் காட்டுவாள். அவர்கள் கிரேனைக் காட்டுவார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். வீட்டில் புருஷன் இல்லாத லீவரை இழுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொக்கி, இல்லாத காலில் அரிப்பு எடுக்கிறது என்று அழுதுகொண்டிருந்தான்.

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அதிகாரியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏங்க, நீங்கல்லாம் சோறு திங்கறீங்களா, இல்ல விதியைத் திங்கறீங்களா? ஒருத்தன் கால் போயிருக்கு. ஒருத்தன் வாழ்க்கை போகப் போகுது. பெஞ்சில கிடக்கறத இன்னும் கழட்டலன்னு சொல்றீங்களே, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. அவர் எதையோ யோசித்தார். "நீங்க சொல்றதும் நியாயம்தான்மா. தலைவர் கையால கழட்டிட்டா விதி குறுக்க வராது," என்றார்.

*

விழாவுக்கு நாள் குறித்தார்கள். ஒரே மேடையில் இரண்டு நிகழ்ச்சி. ஒன்று, சிலிண்டர் கழற்றல் மற்றும் பிரித்தல். இரண்டு, பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு வாரியத்தின் அன்பளிப்பாகச் செயற்கைக்கால் வழங்குதல். நாற்காலிகள் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். பெயிண்ட் வாடை தெருமுனை வரைக்கும் வந்தது.

சிலிண்டரைப் பெஞ்சிலிருந்து இறக்கி மறுபடி கிரேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, இரண்டையும் ஒரு ரிப்பனால் கட்டியிருந்தார்கள். தலைவர் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். கைதட்டினார்கள். சிலிண்டர் கழற்றப்பட்டுவிட்டது.

மெக்கானிக் அதைப் பிரித்தார். மிச்ச ஆயிலை டிரம்மில் வடித்தார். வாய்ப்பக்கம் இருந்த மூடியைப் பெரிய ஸ்பேனர் போட்டுத் திருகிக் கழற்றினார். பிறகு நாலு பேர் சேர்ந்து ராடைக் கோணாமல் நேராக வெளியே இழுத்தார்கள். கடைசியில் பிஸ்டன் வந்தது. அதைச் சுற்றி இருந்த சீல் நார் நாராகக் கிழிந்திருந்தது. மூடிக்குள் இருந்த சீலும் அப்படித்தான். கிழிசல்களுக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் மஞ்சள் மஞ்சளாகச் செதில்கள்.

தையல்காரி கிட்டே போய் ஒரு செதிலை நகத்தால் எடுத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"இது பெயிண்ட்டுங்க!"

முடிந்தது, இனிமேல் யாரும் எதையும் மறைக்க முடியாது, புருஷன் தப்பித்தார் என்றுதான் நினைத்தாள். பாவம், அவளுக்கு வாரியத்தைத் தெரியாது.

தலைவர் செதிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"பாருங்க! இத்தனை நாள் ஆயில்ல ஊறியிருக்கு. அவ்வளவு அழுத்தத்துல நசுங்கியிருக்கு. நிறம் மங்கிச்சா? மங்கல! இதுதான் நம்ம வாரியத்தோட தரம். நம்ம பெயிண்ட்டுக்கு இதைவிட என்ன சான்று வேணும்?"

முன்வரிசை கைதட்டியது. அடுத்து விசாரணை அதிகாரி எழுந்து தன் முடிவைச் சொன்னார்.

"ராடுல பெயிண்ட் இருந்திருக்கு. அதை நான் மறுக்கல. அது வாரியத்தோட பெயிண்ட். ராடை அசைச்சது யாரு? ஓட்டினவரு. அசைக்காம இருந்திருந்தா பெயிண்ட் உரிஞ்சிருக்குமா? உரியலன்னா சீல் கிழிஞ்சிருக்குமா? ஆக, இயக்கினவரோட கவனக்குறைவு உறுதியாகுது. கூடவே, வாரியத்தோட பெயிண்ட்டைச் சேதப்படுத்தின குற்றமும் சேருது."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே மாமியாரே உடைத்துவிட்டு, உடைந்த ஓடு காலில் குத்தியதற்காக மருமகள் மேல் வழக்கும் போட்டார்.

"அசைக்காம எப்படிங்க கிரேன் தூக்கும்?" என்று கத்தினாள் தையல்காரி.

"அது தொழில்நுட்பக் கேள்விம்மா. நீங்க தையல்தானே?"

"ஆமா, தையல்தான். என் மெஷின் ஊசிக்கு யாராவது பெயிண்ட் அடிச்சுட்டு, நூல் அறுந்தா ஏன்னு என்னைக் கேட்டா, கேட்டவன் வாய அந்த ஊசியாலயே தைச்சுடுவேன்!"

"நிகழ்ச்சி இரண்டு," என்று குமாஸ்தா அவசரமாக அறிவித்தார்.

கொக்கி ஊன்றுகோலில் வந்தான். மேடையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி, எதிரே தலைவரின் மேசை, மேசையில் தண்ணீர் டம்ளர்கள். செயற்கைக்காலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த நல்ல கால்தான். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்தும் பார்த்தான், சிரித்தான்கூட. அன்பளிப்பாகத் தர வேண்டும் என்று வாரியம் அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தது. வாரியத்தின் பொருள் என்று ஆனபின் அதற்கும் மஞ்சள் அடித்திருந்தார்கள். பாதம் மஞ்சள், தண்டு மஞ்சள், முழங்கால் மூட்டு, அதன் ஆணி, அதன் இடுக்கு எல்லாம் மஞ்சள். காலையில்தான் இரண்டாவது கோட்டு அடித்திருந்தது.

மாட்டிவிட்டார்கள். கொக்கி தையல்காரியைப் பார்த்தான். "அண்ணி," என்றான்.

"உட்காருங்க தம்பி, போட்டோ எடுக்கணும்," என்றார் தலைவர்.

அவன் உட்கார்ந்தான். கால் உட்காரவில்லை. அது விறைப்பாக நேரே நீண்டு மேசையை உதைத்தது. டம்ளர்கள் உருண்டு தலைவரின் வெள்ளைச் சட்டையில் தண்ணீர் கொட்டியது.

"மடக்குங்க தம்பி."

"மடங்க மாட்டேங்குதுங்க."

"கொஞ்சம் அழுத்தி மடக்குங்க."

"வரலீங்க ஐயா."

தலைவருக்குச் சுர்ரென்று வந்தது. எழுந்து, இரண்டு கையாலும் அந்த மூட்டைப் பிடித்து அமுக்கினார். மூட்டு அசையவில்லை. கையை எடுத்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள். மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது, அணைக்க வேண்டியவன் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"எவன்யா மடங்கற இடத்துல பெயிண்ட் அடிச்சவன்? மூளை இருக்கா? அசையற சாமான்ல பெயிண்ட் அடிச்சா உள்ள போயி அடைச்சுக்காதா? இதுகூடவா தெரியாது? அடிக்கச் சொன்ன முட்டாள் எவன்?"

ஒலிபெருக்கிகள் இதை யார்டு முழுக்கச் சொல்லின. ஒர்க்‌ஷாப்பில் சொல்லின, ஸ்டோரில் சொல்லின, கேட்டுக்கு வெளியே, உள்ளே வர அனுமதி இல்லாமல் நின்றிருந்த கிரேன்காரரிடமும் சொல்லின. விசாரணை அதிகாரியின் முகம் வெளுத்தது. வளாகத்தில் மஞ்சளாக இல்லாதது அது ஒன்றுதான்.

தையல்காரி மேடை ஏறி மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கத்தவில்லை.

"அதத்தாங்க நாங்களும் இத்தனை நாளா கேக்கறோம்," என்றாள்.

தலைவர் கை துடைக்கத் துணி கேட்டார். பின்வரிசையில் நூறு தொழிலாளிகள் இருந்தார்கள், எல்லார் தோளிலும் துணி இருந்தது. ஒருவரும் கொடுக்கவில்லை.

*

கிரேன்காரரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏன் நிறுத்தினார்கள், ஏன் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. புதுச் சிலிண்டர் வந்தது. ராடு கண்ணாடிபோல இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேலே ஏறுகிறார். மடங்குகிற ஒரு காலை ஆஸ்பத்திரிக்காரர்கள் கொக்கிக்குப் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். அதை அவன் வாரியத்துக்குள் போட்டுக்கொண்டு வருவதில்லை.

யார்டு அதிகாரி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பெயிண்ட் தரக் கட்டுப்பாட்டுக்குப் பதவி உயர்வில் போய்விட்டார்.

உத்திரம் விழுந்த இடத்தில் இப்போது ஒரு கல் நட்டிருக்கிறார்கள். 'அசையும் பாகங்களில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பதைக் கண்டறிந்த நம் தலைவரின் தொலைநோக்கைப் போற்றி' என்று அதில் எழுதியிருக்கிறது. புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தையல்காரி அதைப் படித்தாள். ஊன்றுகோலோடு கொக்கியும் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாத்தீங்களா அண்ணி," என்றான். "ஆள் உசுரோட இருக்கும்போதே காலுக்கு மட்டும் கல்லறை கட்டிட்டாங்க. அதுல பேரு மட்டும் தலைவரோடது."

அவள் பைக்குள் கையை விட்டுத் தையல் கத்தரிக்கோலை எடுத்தாள். தலைவர் என்ற சொல்லின் மேல் முனையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் சுரண்டினாள். எழுத்து உரிந்தது. எழுத்துக்கு அடியில் இருந்த மஞ்சளும் உரிந்தது. கல் தெரியும் என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அதற்கு அடியிலும் மஞ்சள்தான் இருந்தது. அவள் நிறுத்தவில்லை.